பின் கேட்டுக்கு ஒரு பூட்டு

திங்கள்கிழமை காலை எட்டு இருபது. ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பாதி தின்ற தோசை. காலிங் பெல் அடிக்கிறது. ஒரு தடவை இல்லை, விரலை எடுக்காமல்.

கதவைத் திறந்தால் சி பிளாக் கன்னியம்மாள். வயது எழுபத்திரண்டு. தோளில் ரெக்ஸின் பை, காலில் கேன்வாஸ் ஷூ, புடவையை ஒரு சாண் தூக்கிச் செருகியிருந்தார். மூச்சு வாங்கியது. கோபத்திலா, நடையிலா... தெரியவில்லை.

"இன்னாமா, நீதானே செகரட்டரி?"

"ஆமா ஆன்ட்டி. உள்ள வாங்க..."

"உள்ள வர்றதுக்கு வர்ல. பின் கேட்ல பூட்டு தொங்குது. யார் போட்டது?"

"நான்தான்." பெருமையாகவே சொன்னேன். "ஓட்டெடுப்பு நடத்தித்தான் முடிவு பண்ணோம் ஆன்ட்டி. எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்."

"நான் போட்டனா?"

ஹெல்மெட்டைக் கீழே வைத்தேன்.

"நான் இங்கதானே கீறேன்? உங்கம்மா போட்டாங்களா?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல், இதற்காகவே காத்திருந்தது போல வந்தது: "என்னை எவ கேட்டா?"

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எதையும் சும்மா விட முடியாது. லிஃப்டில் ஒரு பல்ப் எரியவில்லை என்று கேட்கப் போனவள்தான், பருத்திப்பட்டில் உள்ள எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கே செகரட்டரி ஆகித் திரும்பி வந்தேன். இருபத்தெட்டு வயதில். சங்க வரலாற்றிலேயே இளைய செகரட்டரி என்று மாலையெல்லாம் போட்டார்கள். மாலை போட்டவர்கள் அத்தனை பேரும் ரிடையர் ஆனவர்கள் என்பதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் அடுக்ககம் கட்டியபோது வந்த விளம்பரத்தில் ஒரு இளம் ஜோடி, ஒரு பலூன், ஒரு குழந்தை. அதற்காகவே ஊஞ்சல், சறுக்குமரம், மணல் குழி எல்லாம் வைத்தார்கள். இப்போது அந்தக் குழந்தைகள் ஹாஸ்டலில். ஜோடிகள் ஆபீஸில், அல்லது அமெரிக்காவில். பகலில் இறங்கி நடந்து பாருங்கள்: எதிரே வருகிற பத்துப் பேரில் ஏழு பேருக்கு நரைமுடி. மிச்ச மூன்று பேர் டை அடித்தவர்கள். சறுக்குமரத்தில் மிளகாய் வற்றல் காய்கிறது.

இந்த இடத்தில்தான் நான் ஓட்டெடுப்பு நடத்தினேன்.

காரணம், ஹெல்மெட். பார்க்கிங்கில் ஒரே மாதத்தில் மூன்று ஹெல்மெட் காணாமல் போயின. எவனோ பின் கேட் வழியாக வந்து எடுத்துப் போகிறான் என்றார்கள். "பின் கேட்டை மூடிடலாமே" என்று ஒருவர் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினார். எனக்குக் கை துறுதுறுத்தது. உட்கார்ந்து ஓர் ஆன்லைன் ஃபாரம் தயார் செய்தேன். கலர் கலராக. திறக்கலாமா, மூடலாமா... ஒரு தட்டு தட்டினால் போதும். ஓனர்கள் குரூப்பில் போட்டேன். தோஹாவிலிருந்து ஓட்டு வந்தது. சோழிங்கநல்லூரிலிருந்து வந்தது. டல்லாஸில் இருக்கிறவர் மூன்றே நிமிடத்தில் 'மூடலாம்' என்று தட்டினார். அவர் அந்த கேட்டைப் பார்த்தே நாலு வருடம் ஆகிறது!

ஆகா, ஜனநாயகம் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூட்டு வாங்கி மாட்டினேன்.

ஓனர் என்றால் பத்திரத்தில் பேர் இருக்கிறவர். பத்திரத்தில் பேர் பிள்ளைகளுக்கு. வீட்டில் இருப்பது பெற்றவர்கள். அந்த கேட் வழியாக நடப்பவர்கள் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை... கேட்கத் தோன்றவே இல்லை.

சரி, பின் கேட்டில் அப்படி என்ன இருக்கிறது?

அதைத் தாண்டி இரண்டு நிமிடம் நடந்தால் பூந்தமல்லி மெயின் ரோடு, பஸ் ஸ்டாப். முன் கேட் ஏரிப் பக்கம் திறக்கிறது. அந்த வழியாகச் சுற்றினால் கால் மணி நேர நடை. நடைபாதை கிடையாது. தண்ணி லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்கூட்டரில் போகும் எனக்கு அது பாதிப் பாட்டு கேட்கிற தூரம். நடப்பவர்களுக்கு?

"எட்டேகால் பஸ்ஸு பூட்ச்சி" என்றார் கன்னியம்மாள். "அடுத்த பஸ்ஸப் புட்ச்சி ஆவடி போயி, அங்கேந்து மாறிப் போறதுக்குள்ள அரை நாள் காலி."

"எங்க போறீங்க ஆன்ட்டி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலைக்கு."

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: ஒரே காம்பவுண்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், புதன், வெள்ளி. மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரிய ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் ரிடையர் ஆனவரை, கூட வேலை பார்த்த ஒருவர் தன் பட்டறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். போல்ட்டுகளின் மரை அளவு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக கேஜ் என்கிற அளவுக் கருவியைப் போட்டுத் திருகிப் பார்க்க வேண்டும். தேறினால் வலது பெட்டி. தேறாவிட்டால் இடது பெட்டி. அவர் இடது பெட்டியில் போட்டதை முதலாளியே வலது பெட்டிக்கு மாற்ற முடியாதாம்.

"ஒரு நாள் லேட்டானா அவங்க கோச்சுக்க மாட்டாங்க இல்ல?" என்றேன், சமாதானமாக.

"கோச்சுக்கினா பரவால்லியே! அவன் கோச்சுக்க மாட்டான். 'நீங்க ஊட்லயே ரெஸ்ட் எடுங்கக்கா'ம்பான். அந்த வார்த்த வந்துச்சினா முட்ஞ்சிது என் கத. வாரத்துல மூணு நாளு அம்மாந்தூரம் சுத்திக்கினு நடந்தா முட்டி பூடும். முட்டி போச்சினா வேல போச்சு. வேல போச்சினா..." பையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். "உன் ஓட்டெடுப்பு ரிஜெக்ட்டுமா. இடது பெட்டி."

படியிறங்கிப் போய்விட்டார்.

திரும்பினால் அம்மா. கையில் தோசைக் கரண்டி. அறுபத்து மூன்று வயதில் அவள் அவ்வளவு விறைப்பாக நின்று நான் பார்த்ததில்லை.

"தினம் சாயங்காலம் நான் எங்கடி போறேன்?"

"வாக்கிங்."

"கேரம் ஆடப் போறேன். பின் தெருவுல சரோஜா வீட்டுல. ஆறு மாசமா."

"சொல்லவே இல்லியேம்மா!"

"நீ கேட்கவே இல்லியே."

அன்று ஆபீஸில் வேலை ஓடவில்லை. மதியம் கேன்டீன் டிவியில் ஒரு விவாதம். நாட்டில் முதியவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறதாம். தமிழ்நாட்டில் இன்னும் வேகமாம். பேசியவர்களின் குரலில், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு பதற்றம். 'சுமை' என்றார் ஒருவர். 'சார்ந்திருப்போர்' என்றார் இன்னொருவர். யார் சம்பாதிப்பார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள், நாடு தாங்குமா...

எனக்குச் சுர்ரென்றது. குழந்தைகள் சாகாமல் இருக்க வேண்டும் என்று தடுப்பூசி போட்டோம். பெண்கள் படித்து, வேண்டிய அளவுக்குப் பெற்றுக்கொண்டார்கள். பிரஷருக்கு மாத்திரை, கண்ணுக்கு ஆபரேஷன், முட்டிக்கு மாற்று மூட்டு. எல்லாம் சேர்ந்து ஜனங்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். நாம் கேட்டு வாங்கியதுதானே இது? ஜெயித்ததற்குப் பெயர் பிரச்சினையா?

மண்ணூர்பேட்டையில் போல்ட் பார்க்கிறவர் யாரைச் சார்ந்திருக்கிறார்? அவர் பார்த்து வலது பெட்டியில் போட்ட போல்ட்டைச் சார்ந்துதான் எங்கேயோ ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது!

சொல்வது சுலபம். பூட்டுப் போட்டது நான்தானே?

சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தேன். செகரட்டரி ஆகி எட்டு மாதத்தில் முதல் தடவையாக. பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது என் பாவமன்னிப்பு: ஓனர் விரும்பினால், தனக்குப் பதிலாக இன்னார் வாக்களிப்பார் என்று எழுத்தில் கொடுக்கலாம். வாங்கியவர் கூட்டத்தில் கையைத் தூக்கலாம். இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை. ஒருவரும் கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினேன். அதுவரைக்கும் பூட்டு பூட்டாகவே இருக்கட்டும், ஓட்டெடுத்துப் போட்டதை ஓட்டெடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். புதன்கிழமை கன்னியம்மாள் ஏரியைச் சுற்றித்தான் போனார். சாயங்காலம் திரும்பும்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார்.

அன்று ஐந்தரை மணிக்கு ஊஞ்சல் பக்கம் ஒரு கூட்டம். எல்லார் கையிலும் போன். நான் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தேன், 'எனக்குப் பதிலாக என் அப்பா / அம்மா வாக்களிப்பார்' என்று. அதைப் பிள்ளைகளிடமிருந்து மெசேஜாக வாங்க வேண்டும். அவ்வளவுதான். சொத்தைப் பிரிப்பதே இதைவிடச் சுலபம் போல!

"எதுக்குப்பா உங்களுக்கு இந்த வம்பெல்லாம்" என்றது ஒரு போன். "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றது இன்னொன்று. ஒரு அம்மாவின் மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள், அம்மாவுக்கு அந்த வீட்டில் ஏதோ கொடுமை நடக்கிறது என்று.

ஏ பிளாக் தங்கராஜ் சார், தூத்துக்குடிப் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்தவர். அந்த டல்லாஸ் மூன்று நிமிட ஓட்டு அவர் பையனுடையதுதான். அங்கே காலை நேரம். பையன் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏல, கேக்கா? ஒரு வரி அனுப்புதேன். அப்படியே திருப்பி அனுப்பு."

"என்னப்பா இது, லீகலா? படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். வீக்கெண்ட்ல..."

"எட்டாங் கிளாஸ் அரைப் பரீட்சையில கணக்குல பதினாறு மார்க் எடுத்துட்டு வந்து நின்ன. ரேங்க் கார்டுல நான் படிச்சுப் பாத்தா கையெழுத்துப் போட்டேன்?"

இந்தப் பக்கம் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். இரண்டு நிமிடத்தில் மெசேஜ் வந்தது. முன்பு மூன்று நிமிடம், இப்போது இரண்டு. நல்ல முன்னேற்றம்.

சனிக்கிழமைக்குள் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட்டது. என் பிளாட் என் பெயரில். நானும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் நீட்டினேன். வாங்கி, கண்ணாடி போட்டு, இரண்டு தடவை படித்து, நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்தாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை.

கன்னியம்மாளுக்கு வரவில்லை. அவருடைய மகன் எங்கேயும் வெளிநாட்டில் இல்லை. அதே வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறார்.

பாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.டி.யில் வேலை. நாற்பத்தைந்து வயது, நல்ல மனிதர். சனிக்கிழமை சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தார்.

"லெட்டர் குடுக்க மாட்டேங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

"ஏன் சார்?"

"ஆறு மாசம் முன்னாடி பஸ் படியில தடுக்கி விழுந்தாங்க. மணிக்கட்டுல கட்டு. அம்பத்தூர்ல யாரோ ஒரு ஆட்டோக்காரர் எனக்கு போன் பண்றாரு. நான் மீட்டிங்ல இருக்கேன், போனை எடுக்கல. ஏழு மிஸ்டு கால்." குரல் கொஞ்சம் இறங்கியது. "வேலைக்குப் போகாதீங்கன்னா கேட்க மாட்டாங்க. அவங்க என்ன பண்ணினா வீட்ல இருப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

அதற்குப் பதில் எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் இன்னொன்று தெரியும். பின் கேட்டை மூடலாமே என்று எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியது பாபுதான். ஹெல்மெட் தொலைந்ததில் அவருக்கு நஷ்டமே இல்லை. அவர் காரில் போகிறவர்.

ஞாயிறு காலை பத்து மணி. பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இதற்குமுன் எந்தக் கூட்டத்துக்கும் பத்துப் பேர் தேற மாட்டார்கள். அன்று நாற்காலி போதாமல் சிலர் காரின் பானெட் மேல் சாய்ந்து நின்றார்கள்.

ஹெல்மெட் பேச்சு முதலில் வந்தது. தங்கராஜ் சார் எழுந்தார். "காலையில மூணு மணி நேரம் நான் பேப்பர் வாசிக்கிறது பின் கேட் பக்கத்துல நாற்காலி போட்டுத்தான். சாயங்காலம் வேற ஆள் உக்காரட்டும். முப்பத்தாறு வருசம் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதிக்கிற பயலுவளப் புடிச்சவன் நான். ஹெல்மெட் திருடுதவன் என்னத் தாண்டிப் போவட்டும், பாப்போம்!"

கைதட்டல். இது முடிந்தது என்று நினைத்தேன்.

கன்னியம்மாள் எழுந்தார். "எனக்கு ஓட்டு இல்ல. கேள்வி கேக்கலாமில்ல? இந்த கேட்ட மூடணும்னு மொதமொதல்ல சொன்னது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் மினிட்ஸ் புத்தகம். யோசனை சொன்னவர் என்று அதில் பாபுவின் பெயர் எழுதியிருக்கிறது. சொல்லலாமா? அம்மாவும் மகனும் நாளைக்கு ஒரே வீட்டில் சாப்பிட வேண்டும். பொய் சொல்லலாமா? நான் வாயைத் திறந்தேன்...

"நான்தாம்மா."

பின் வரிசையில் பாபு எழுந்து நின்றிருந்தார்.

கன்னியம்மாள் திரும்பினார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"ஹெல்மெட்டுக்காகவா நைனா?"

"இல்லம்மா."

"நான் வியுந்துட்டேன்னா?"

பாபு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"நீ சைக்கிள் கத்துக்கினப்போ எத்தினி தபா வியுந்தே? பல்லு ஒண்ணு போச்சு. தாடையில தையல் போட்டுக்கினு வந்து நின்னே. நான் இன்னா பண்ணேன்... ரோட்டுக்குப் பூட்டுப் போட்டனா?"

"அம்மா, அது வேற..."

"இன்னா வேற? நீ வியுந்தா கத்துக்கினது. நான் வியுந்தா வயசாயிட்ச்சா?"

பானெட்டில் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து நின்றார்.

"எனக்கும் பயமா கீதுடா" என்றார் கன்னியம்மாள், கொஞ்சம் மெதுவாக. "ஒவ்வொரு தபா பஸ் படில கால் வெக்கசொல்லோ பயமாத்தான் கீது. பயந்துக்கினேதான் ஏற்றேன். உன்னியும் பயந்துக்கினேதான் ஸ்கூலுக்கு அனுப்பிச்சேன்."

தலைவர் தொண்டையைச் செருமி, ஓட்டுக்கு விட்டார். திறக்கலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

கைகள் எழுந்தன. நரம்பு தெரிந்த கை, வளையல் இறங்கிய கை, தோளுக்கு மேலே போக மறுத்ததால் இன்னொரு கை பிடித்துத் தூக்கிவிட்ட ஒரு கை. முன் வரிசையில் என் அம்மாவின் கை. தாளையும் சேர்த்துத் தூக்கியிருந்தாள். எண்ண ஆரம்பித்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை.

"மூடலாம் என்பவர்கள்?"

இரண்டு மூன்று கைகள். பாபு கையைப் பாதி தூக்கி, அம்மாவைப் பார்த்து, இறக்கப் பார்த்தார்.

"தூக்குடா! மூடணும்னு நெனைக்கிறல்ல? நல்லா மேல தூக்கு" என்றார் கன்னியம்மாள். "அந்தப் பொண்ணு எண்ணட்டும்."

தூக்கினார். எண்ணினேன். மினிட்ஸில் எழுதினேன்.

அப்போதே பூட்டைக் கழற்றினோம்.

கேட் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பஸ் படி இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது. டிரைவர்கள் இன்னும் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிறுத்துகிறார்கள். பாபுவுக்குப் பயம் போகப் போவதில்லை. அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் பிரியத்தால் போடுகிற பூட்டும் பூட்டுதான். இத்தனை கோடிப் பேருக்கு வயதாகப் போகிறது... எல்லாரையும் பத்திரமாக வைக்கிறேன் என்று உள்ளே வைத்துப் பூட்ட எத்தனை கேட் செய்யப் போகிறோம்? அந்தச் செலவில் பஸ் படியை ஓர் அடி இறக்கிவிடலாமே!

இந்தத் திங்கள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நானும் பின் கேட் வழியாகவே போனேன். சும்மா, பார்க்கத்தான். தங்கராஜ் சார் நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். கன்னியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடந்தார். பத்தடி பின்னால் பாபு, ஷார்ட்ஸும் ஹவாய்ச் செருப்புமாக, பால் வாங்கப் போகிற பாவனையில்.

பஸ் ஸ்டாப்பில் கன்னியம்மாள் திரும்பிப் பார்த்தார். "பால் பாக்கெட் காலைலியே வாங்கியாச்சு நைனா. ஊட்டுக்குப் போ."

பாபு போகவில்லை. கிட்டேயும் வரவில்லை. அங்கேயே நின்றார்.

பஸ் வந்தது. வழக்கம்போல ஸ்டாப்பைத் தாண்டி நின்றது. கன்னியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். ஆமாம், ஓடினார்! கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, ஒரு கணம் நின்று, அடுத்த காலையும் வைத்துவிட்டார். பாபு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நாட்டில் வயதானவர்கள் பெருகுகிறார்கள் என்று கவலைப்படுகிறவர்களே, படிக்கட்டில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்... அவர்கள் ஏற வேண்டும்.